கடைசியில் வருகிறவர்களின் பந்தயம்

எந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நாம் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றே: "யார் முதலில் வந்தார்கள்?" குதிரைப் பந்தயமானாலும் சரி, படகுப் போட்டியானாலும் சரி, பள்ளிக்கூடத்துப் பையன்களின் சாக்கு ஓட்டமானாலும் சரி, இந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. பின்னால் வந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று விசாரிப்பார் இல்லை.

இந்த உலக வழக்கத்துக்கு நேர் மாறான பந்தயம் ஒன்று, பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே உள்ள ஹவாய்த் தீவில் நடந்து வருகிறது. அங்கே முதலில் வருகிறவர் பிற்பகலிலேயே வந்து, வெற்றி மாலையைச் சூடிக்கொண்டு, குளித்துச் சாப்பிடப் போய்விடுகிறார். ஆனால் அத்துடன் கூட்டம் கலைவதில்லை. பொழுது சாய்ந்து, விளக்கேற்றி, இரவு பத்து மணிக்கு மேல்தான் எல்லைக் கோட்டருகே ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பகலில் வெற்றி பெற்ற வீரரே இரவில் திரும்பி வந்து, கடைசியில் தள்ளாடித் தள்ளாடி வருகிறவர்களைக் கை கொடுத்து வரவேற்பது அங்கே ஒரு சம்பிரதாயமாகிவிட்டது.

இப்பந்தயத்துக்கு "அயர்ன்மேன்" என்று பெயர். அதாவது இரும்பு மனிதன். முதலில் கடலில் 2.4 மைல், அதாவது 3.8 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக, நீந்த வேண்டும். கரையேறியதும் ஈரத் துணியை மாற்றிக்கொண்டு 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். சென்னையிலிருந்து விழுப்புரத்துக்கு உள்ள தூரத்தைவிட இது அதிகம். சைக்கிளை விட்டு இறங்கியதும், உட்கார்ந்து இளைப்பாறாமல், 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். இந்த மூன்றையும் ஒரே நாளில், ஏறக்குறைய பதினேழு மணி நேரத்துக்குள், ஒருவரே செய்து முடிக்க வேண்டும்.

"இது மனிதர் செய்கிற காரியமா? ராட்சதர்கள் அல்லவா செய்ய வேண்டும்!" என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆனால் இதில் கலந்துகொள்கிறவர்களில் பெரும்பாலோர் பந்தயத்தைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் அல்லர். காலையில் காரியாலயத்துக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் குமாஸ்தாக்கள், வைத்தியர்கள், உபாத்தியாயர்கள், பேரன் பேத்தி எடுத்த கிழவர்கள், கிழவிகள் ஆகியோரே அவர்கள். இவர்கள் எதற்காக இப்படி உடம்பை வருத்திக்கொள்கிறார்கள், அதனால் என்ன பயன் என்பதைச் சற்று ஆராய்வோம்.

விவாதத்தில் பிறந்த பந்தயம்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்து நடத்தும் போட்டிக்கு "டிரையத்லான்" என்று பெயர். நவீன காலத்தில் இப்பெயருடன் நடந்த முதல் போட்டி, 1974-ஆம் வருஷம் செப்டம்பர் 25-ஆம் தேதி, அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஸான் டியேகோ நகரில் நடந்தது. ஓட்டப் பயிற்சிக்காரர்கள் மாலை வேளைப் பொழுதுபோக்காக ஏற்படுத்திக்கொண்ட சிறு போட்டி அது. கலந்துகொண்டவர்களில் அமெரிக்கக் கடற்படை அதிகாரியான ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் இருந்தார்கள்.

சில வருஷங்களுக்குப் பின் காலின்ஸ் தம்பதிகள் ஹவாயில் ஓவாஹூ தீவில் வசித்தார்கள். 1977-இல் அங்கே ஓர் ஓட்டப் பந்தயத்தின் பரிசளிப்பு விருந்தில் விவாதம் ஒன்று மூண்டது. நீந்துகிறவன் தேக பலத்தில் சிறந்தவனா, ஓடுகிறவன் சிறந்தவனா? மூச்சின் வழியாகப் பிராணவாயுவை அதிகமாகப் பயன்படுத்தும் திறமை பெல்ஜியம் தேசத்துச் சைக்கிள் வீரர் எட்டி மெர்க்ஸுக்குத்தான் உண்டு என்று பத்திரிகையில் படித்திருந்த காலின்ஸ், சைக்கிள்காரர்களையும் விவாதத்தில் இழுத்துவிட்டார். வாயால் பேசித் தீராத வழக்கைக் கை காலால் பேசித் தீர்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. அத்தீவில் ஏற்கெனவே நடந்துவந்த கடல் நீச்சல் ஒன்று, தீவைச் சுற்றிவரும் சைக்கிள் பயணம் ஒன்று, ஹோனலூலு மாரத்தான் ஓட்டம் ஒன்று ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கோத்தார்கள். சைக்கிள் பயணம் 115 மைல். மாரத்தான் தொடங்கும் இடத்தில் அது முடிவதற்காக மூன்று மைலைக் குறைத்து 112 ஆக்கினார்கள். இன்று உலகம் முழுவதும் மாறாமல் கைக்கொள்ளும் அந்த அளவு, இப்படி ஒரு வசதியை முன்னிட்டு ஏற்பட்டதேயாகும்.

1978-ஆம் வருஷம் பிப்ரவரி 18-ஆம் தேதி பதினைந்து பேர் கடலில் இறங்கினார்கள். பன்னிரண்டு பேர் எல்லையை அடைந்தார்கள். முதலில் வந்தவர் கார்டன் ஹாலர். அவருக்கு 11 மணி 46 நிமிஷம் 58 விநாடி ஆயிற்று. அவருக்கு முன்னால் நெடுந்தூரம் சென்றுகொண்டிருந்த ஜான் டன்பார் என்பவர், துணைக்கு வந்தவர்களிடம் குடிதண்ணீர் தீர்ந்துபோய், தண்ணீருக்குப் பதிலாக பீர் குடிக்க நேர்ந்து, பின்தங்கி இரண்டாவதாக வந்தார். தாக சாந்திக்கு மது உதவாது என்பதற்கு இதைவிடச் சிறந்த உபதேசம் வேண்டுமா?

ஆனால் அந்தப் பட்டியலில் நம் கவனத்துக்கு உரியவர்கள் வேறு இருவர். பந்தயத்தை ஏற்படுத்திய காலின்ஸ் தாமும் அதில் கலந்துகொண்டு ஒன்பதாவதாக வந்தார். அவருக்கு ஆன நேரம் 17 மணி 38 விநாடி. பன்னிரண்டாவதாக, எல்லோருக்கும் கடைசியில் வந்தவருக்கு 21 மணி நேரமாயிற்று. யார் சிறந்தவர் என்ற கேள்விக்கு விடை கண்டபின்பும் ஒன்பது மணி நேரம் ஒரு மனிதர் தன்னந்தனியாக இருட்டில் நடந்து வந்திருக்கிறார் என்றால், அவர் விடை தேடிய கேள்வி வேறாகத்தானே இருக்க வேண்டும்? "நான் மற்றவனைவிடச் சிறந்தவனா?" என்று பிறந்த பந்தயம், முதல் நாளன்றே, "தொடங்கியதை நான் முடிப்பேனா?" என்ற பந்தயமாக மாறிவிட்டது.

1981-இல் இப்பந்தயத்தை ஓவாஹூவிலிருந்து ஹவாயின் பெரிய தீவிலுள்ள கோனாவுக்கு மாற்றினார்கள். எரிமலைக் குழம்பு உறைந்து கறுத்துக் கிடக்கும் பாழ்வெளி அது, நிழலுக்கு மரமில்லை, பாறை கக்கும் வெப்பம் ஒருபுறம், சைக்கிளைச் சாய்த்துத் தள்ளும் குறுக்குக் காற்று ஒருபுறம். அவ்வருஷம் வால்ட் ஸ்டாக் என்ற 73 வயதுக் கிழவர் பந்தயத்தை முடித்தார். ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் கட்டட வேலைகளில் செங்கல்லும் சாந்தும் சுமந்து ஜீவனம் செய்த தொழிலாளி அவர். அவருக்கு ஆன நேரம் 26 மணி 20 நிமிஷம். ஒரு நாள் முடிந்து மறு நாளும் பிறந்துவிட்டது! கால எல்லை ஏற்பட்டுவிட்ட பிற்காலத்தில் அந்த நேரம் செல்லாது. ஆயினும் ஹவாய்ப் பந்தயத்தின் கதையைச் சொல்கிறவர்கள் அந்தக் கிழவரை விட்டுவிட்டுச் சொல்வதில்லை.

தவழ்ந்து பெற்ற புகழ்

இப்பந்தயத்தின் பெயர் உலகெங்கும் பரவியது 1982 பிப்ரவரியில். ஜூலி மாஸ் என்ற 23 வயதுக் கல்லூரி மாணவி, தேகப் பயிற்சியைப் பற்றிய தமது ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அனுபவம் தேடி இதில் கலந்துகொண்டார். யாரும் எதிர்பாராத வண்ணம் பெண்களில் முதலாவதாக ஓடி வந்துகொண்டிருந்தார். எல்லை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அவருடைய கால்கள் சொன்னபடி கேட்க மறுத்தன. விழுந்தார்; எழுந்தார்; மறுபடியும் விழுந்தார். கடைசிச் சில கஜ தூரத்தில் காத்லீன் மக்கார்ட்னி என்ற மற்றொரு பெண் அவரைக் கடந்து சென்று வெற்றி பெற்றார். ஜூலி மாஸ் எழுந்திருக்கவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. குழந்தையைப் போல் கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்ந்து சென்று, கையை நீட்டி எல்லைக் கோட்டைத் தொட்டார். இருவருக்கும் இடையே 29 விநாடிகளே வித்தியாசம்.

இக்காட்சியை அமெரிக்க டெலிவிஷனில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். பார்த்தவர்கள் வென்றவரைவிடத் தவழ்ந்தவரையே அதிகமாக நினைவில் வைத்துக்கொண்டார்கள். அது வென்றவருக்கு இழைத்த அநீதி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஜனங்களின் மனம் அப்படிப் போனதற்குக் காரணம் இருக்கிறது. வெற்றி என்பது நம்மில் பலருக்கு எட்டாத பொருள். விழுந்து எழுந்திருப்பதோ நாம் எல்லோரும் தினந்தோறும் செய்கிற காரியம். தம்முடைய வாழ்க்கையையே அந்தத் தெருவில் அவர்கள் கண்டார்கள்.

அதற்காக, விழும் வரையில் உடம்பை அலைக்கழிப்பதுதான் உத்தமம் என்று எண்ணிவிடக் கூடாது. நெடுந்தூரப் பந்தயத்தில் நல்ல பயிற்சி பெற்றவர்கள் அப்படி விழாமலிருக்கவே கற்றுக்கொள்கிறார்கள். அதுதான் இந்தக் கலையின் சாரம்.

மெதுவாகப் போகக் கற்பது

நமது தேகம் ஈரலிலும் தசைகளிலும் ஒருவகைச் சர்க்கரைப் பொருளைச் சேமித்து வைத்திருக்கிறது. கடினமாக ஓடும்போது பெரும்பாலும் அதையே எரித்துச் சக்தி பெறுகிறோம். அந்தச் சேமிப்பு ஏறக்குறைய 2,000 கலோரிதான். வேகமாக ஓடுகிறவனுக்கு இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்குமேல் தாங்காது. மாரத்தான் ஓடுகிறவர்கள் முப்பது கிலோமீட்டர் கடந்ததும் திடீரென்று சுவரில் மோதிக்கொண்டவர்கள் போல் ஓய்ந்துபோவதற்கு இதுவே முக்கிய காரணம். ஆனால் உடம்பிலுள்ள கொழுப்போ, ஒல்லியான மனிதனிடத்திலும், பல நாட்களுக்குப் போதுமான சக்தியைத் தரவல்லது. அதன் குணம் நிதானம், மெதுவாகத்தான் எரியும். அவசரப்படுகிறவனுக்கு அது உதவாது. ஆற அமரச் செல்கிறவனுக்குக் கை கொடுக்கும்.

ஆகவே, பதினைந்து பதினாறு மணி நேரம் உழைக்க வேண்டியவன் முதலில் கற்க வேண்டியது வேகம் அன்று, மெதுவாகப் போவதே. அனுபவசாலிகளின் பயிற்சியில் பெரும்பகுதி, பக்கத்தில் வருகிறவருடன் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்திலேயே நடைபெறுகிறது. இப்படி மாதக்கணக்கில் செய்துவந்தால், இருதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. கொழுப்பை எரிக்கும் திறமை வளர்கிறது. எலும்பும் தசை நார்களும் இருதயத்தைப்போல் விரைவில் உறுதிப்படுவதில்லை. "மூச்சு நன்றாக இருக்கிறதே!" என்று உற்சாகப்பட்டு ஒரே வாரத்தில் தூரத்தை இரட்டிப்பவர்கள், காலைப் பிடித்துக்கொண்டு வைத்தியர் வாசலில் நிற்பார்கள். பதறிய காரியம் சிதறும் என்ற பழமொழியை இவர்கள் உடம்பாலேயே படிக்கிறார்கள்.

உத்தியோகத்திலிருக்கும் ஒருவர் இப்பந்தயத்துக்குத் தயாராவதற்கு, பல மாதங்கள், வாரத்துக்குப் பத்து முதல் பதினைந்து மணி நேரம் செலவிடுகிறார். விடியுமுன் எழுந்து நீச்சல் குளம். மறு நாள் ஓட்டம். விடுமுறை நாளில் ஐந்தாறு மணி நேரம் சைக்கிள். இவற்றில் ஒரு விசித்திரமான பயிற்சியும் உண்டு: சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு ஓடிப் பழகுதல். வெகு நேரம் மிதித்த கால்கள் தரையில் இறங்கியதும் மரக்கட்டைபோல் கனக்கும். தம் கால்களா, பிறர் கால்களா என்று சந்தேகமாக இருக்கும். சிறிது நேரத்தில் அது சரியாகிவிடும் என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிவித்து வைப்பதே இப்பயிற்சியின் நோக்கம்.

சாப்பாடும் தண்ணீரும் நான்காவது போட்டி என்றே சொல்ல வேண்டும். சைக்கிளில் போகும்போதே மணிக்கு மணி சர்க்கரைச் சத்துள்ள ஆகாரத்தைச் சிறிது சிறிதாக உட்கொள்ள வேண்டும். பசித்தபின் சாப்பிடலாம் என்று இருந்தால் காலம் கடந்துவிடும். தண்ணீரைக் குறைத்தாலும் தீங்கு, அளவு மீறிக் குடித்தாலும் தீங்கு. வெறும் தண்ணீரை மிதமிஞ்சிக் குடித்து, ரத்தத்திலுள்ள உப்பின் விகிதம் குறைந்து, மாரத்தான் ஓட்டங்களில் உயிரிழந்தவர்களும் உண்டு. அளவறிந்து நடப்பதைக் காட்டிலும் பெரிய வீரம் இதில் இல்லை.

ஐந்து விநாடி

ஜப்பான் தேசத்தில் ஹிரோமு இனாடா என்பவர் 1932-இல் பிறந்தார். பத்திரிகை நிருபர் தொழிலில் இருந்தவர். 60 வயதில், நோயுற்ற மனைவியைக் கவனித்துக்கொள்வதற்காக ஓய்வு பெற்றார். அந்நாட்களில் தேக ஆரோக்கியத்தை உத்தேசித்து நீந்தத் தொடங்கினார். 70-ஆம் வயதில் முதன்முதலாக டிரையத்லானில் கலந்துகொண்டார். மனைவியும் மறைந்த பிறகு பயிற்சியே அவருடைய நித்திய கர்மானுஷ்டானமாயிற்று.

2015-ஆம் வருஷம், 82 வயதில், இனாடா ஹவாய்ப் பந்தயத்தில் எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் கூவி உற்சாகப்படுத்தியது. எல்லைக்குச் சமீபத்தில் கால் தளர்ந்து விழுந்தார். எழுந்து, தள்ளாடி, கோட்டைக் கடந்தார். கால எல்லைக்கு மேல் ஐந்து விநாடி ஆகிவிட்டிருந்தது. விதிப்படி அவர் பந்தயத்தை முடித்தவராகக் கணக்கில் வரவில்லை.

"ஐந்து விநாடிதானே! 82 வயதுக் கிழவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டால் குடி முழுகிப் போய்விடுமா?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? உபாத்தியாயர்களாகிய எங்களுக்கு இது பழகிய சங்கடம். முப்பத்துநான்கு மார்க்கு வாங்கிய பையனின் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மார்க்கு எங்கேயாவது அகப்படாதா என்று துழாவாத உபாத்தியாயர் யார்? ஆனாலும் இந்த விஷயத்தில் விதி நின்றதே நல்லது என்பது என் அபிப்பிராயம். அதற்குக் காரணம் கல்நெஞ்சம் அன்று. இனாடா அந்த ஐந்து விநாடியைத் தானமாகக் கேட்கவில்லை. அடுத்த வருஷம், 83 வயதில், திரும்ப வந்தார். 16 மணி 49 நிமிஷத்தில் முடித்தார். 2018-இல், 85 வயதில், மறுபடியும் வந்து 16 மணி 53 நிமிஷத்தில் முடித்து, கோனாப் பந்தயத்தை நிறைவேற்றிய மனிதர்களிலெல்லாம் மூத்தவர் என்ற பெயரைப் பெற்றார். முதல் வருஷம் தயவு காட்டியிருந்தால், தயவில் கிடைத்த பொருளாகவே அது அவருடன் இருந்திருக்கும்.

கடைசியில் வருகிறவருக்கு அங்கே கிடைக்கும் மரியாதை எதனால் உண்மையானது? கோடு உண்மையானது என்பதனால்தான். பந்தயத்தை ஏற்படுத்திய காலின்ஸே தமது 17 மணி 38 விநாடியுடன் இன்று வந்தால், பதினேழு மணி நேர எல்லையை 38 விநாடியில் தவறவிட்டவராவார். கோடு யாருக்காகவும் நகருவதில்லை. ஆனால் முதுமையைக் காரணம் காட்டி, அதைத் தொட முயலும் உரிமை யாருக்கும் மறுக்கப்படுவதில்லை. கண்டிப்பும் கருணையும் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

கன்னிகாஸ்திரீயின் ஓட்டம்

அமெரிக்காவில் ஸ்போக்கேன் நகரத்தைச் சேர்ந்த சகோதரி மடோனா பூடர், 1930-இல் பிறந்தவர். இளம் வயதிலேயே துறவு பூண்ட கத்தோலிக்க கன்னிகாஸ்திரீ. 48-ஆம் வயது வரையில் அவர் ஓடியவர் அல்லர். ஓட்டம் உடம்பையும் மனத்தையும் ஆன்மாவையும் ஒன்றுபடுத்தும் என்று ஒரு பாதிரியார் சொல்லக் கேட்டு ஓடத் தொடங்கினார். 52-ஆம் வயதில் முதல் டிரையத்லான்; 55-ஆம் வயதில் முதல் அயர்ன்மேன். 2006-இல், 76 வயதில், ஹவாய்ப் பந்தயத்தை 16 மணி 59 நிமிஷம் 3 விநாடியில் முடித்தார். நள்ளிரவு மணி அடிக்க ஒரு நிமிஷம்கூட மீதி இல்லை! 2012-இல், 82 வயதில், கானடா தேசத்தில் நடந்த அயர்ன்மேன் பந்தயத்தையும் கால எல்லைக்குள் முடித்தார். எண்பது வயது கடந்த பெண்களுக்கென்று ஒரு பிரிவு அதுவரையில் தேவைப்படவில்லை. அவர் வந்ததனால்தான் தேவைப்பட்டது.

அவர் ஆடம்பரமான பயிற்சிக் கூடங்களை நாடியவர் அல்லர். கோயிலுக்குப் போக வேண்டுமானால் ஓடியே போவார், அதுவும் பயிற்சியே. முயன்று பார்க்காமலிருப்பது ஒன்றே தோல்வி. முயற்சி செய்துவிட்டால் அதுவே ஜயம் என்பது அவருடைய கொள்கை.

இவர் காட்டிய வழியில் பலர் வந்துகொண்டிருக்கிறார்கள். 2025-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், நாட்டலி கிராபோ என்ற 80 வயதுப் பெண்மணி கோனாப் பந்தயத்தைக் கால எல்லைக்குள் முடித்தார். அவர் நீந்தக் கற்றுக்கொண்டதே 59-ஆம் வயதில்! நாற்பது வயதானதும் மாடிப்படி ஏறுவதற்கே மூக்கால் அழும் நாம் இதைக் கேட்டுச் சற்று வெட்கப்படலாம்.

ஆட்சேபங்கள்

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்க்கட்சிக்காரர் சொல்வதையும் கேட்பதுதான் நியாயம்.

இது பணக்காரரின் விளையாட்டு என்பார்கள். அதில் உண்மை உண்டு. பந்தயத்துக்கென்று செய்த சைக்கிளின் விலை லட்சக்கணக்கான ரூபாய் ஆகலாம். நுழைவுக் கட்டணமும் பிரயாணச் செலவும் ஏழைகளுக்குக் கட்டுபடியாகாதவை. செங்கல் சுமந்த வால்ட் ஸ்டாக் போன்றவர்கள் இன்று அங்கே அதிகம் பேர் இருக்க முடியாது.

இது அபாயம் என்பார்கள். அதிலும் உண்மை உண்டு. இருதயத்தில் கோளாறு இருப்பதை அறியாமல் கடலில் இறங்கி உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். வைத்தியரைக் கலந்துகொள்ளாமல் ஆவேசத்தில் இறங்குவது வீரமாகாது.

இது சுயநலம் என்பார்கள். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் மனைவி மக்களிடமிருந்து திருடிய நேரம் என்பார்கள். இதற்குப் பதில் ஒவ்வொருவரும் தம் வீட்டாரிடம் சொல்ல வேண்டியது. ஆயினும் எல்லோருடைய ஓட்டமும் அப்படிப்பட்டதல்ல. அமெரிக்காவில் டிக் ஹாய்ட் என்ற தகப்பனாருக்கு ரிக் என்று ஒரு மகன், பிறவியிலேயே கைகால் வழங்காதவர், பேச முடியாதவர், தம் எண்ணத்தை ஒரு கம்ப்யூட்டர் கருவியின் மூலமே தெரிவிப்பார். 1977-இல் அம்மகனின் விருப்பத்துக்கிணங்க, அவரை வண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு ஐந்து மைல் ஓடினார் தகப்பனார். ஓடும்போது தமக்கு ஊனம் இருப்பதே தெரியவில்லை என்று வீட்டுக்கு வந்ததும் மகன் தெரிவித்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத் தகப்பனார் நீந்தக் கற்றார். 1989-இல், மகன் படுத்திருந்த சிறு படகைக் கயிற்றால் இடுப்பில் கட்டி இழுத்து நீந்தியும், சைக்கிளின் முன்புறத்தில் அவரை உட்காரவைத்து மிதித்தும், வண்டியில் வைத்துத் தள்ளி ஓடியும், ஹவாய்ப் பந்தயத்தை முடித்தார். தகப்பனார் 2021-இலும் மகன் 2023-இலும் காலமானார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பந்தயங்களில் அவ்விருவரும் சேர்ந்தே எல்லைக் கோட்டைக் கடந்தார்கள்.

நமது மைதானங்கள்

இந்தப் பந்தயத்தில் பாதி தூரமுள்ள போட்டி 2019-ஆம் வருஷம் நமது தேசத்தில் கோவாவில் முதன்முதலாக நடந்தது. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். நம்மவர்களும் இதில் சிரத்தை காட்டுகிறார்கள் என்பது சந்தோஷமே. ஆனால் எல்லோரும் கோவாவுக்கும் ஹவாய்க்கும் போக வேண்டும் என்று சொல்வதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை.

நமது பள்ளிக்கூடங்களில் வருஷாந்தர விளையாட்டு விழா நடக்கிறது. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஐம்பது பேர் ஓடுவார்கள். பத்துப் பேர் பரிசு வாங்குவார்கள். பாக்கி தொள்ளாயிரத்து ஐம்பது பேரும் வெயிலில் உட்கார்ந்து கை தட்டுவார்கள். கால் வேகம் இல்லாத பிள்ளை, "விளையாட்டு நமக்குச் சொந்தமானதல்ல" என்று பத்து வயதிலேயே தீர்மானித்துக்கொண்டுவிடுகிறது. பெண் குழந்தைகள் அதற்கும் முன்னதாகவே தீர்மானிக்கும்படி செய்யப்படுகிறார்கள். வேகம் பிறவியில் வருவது. அதைக் கொடுக்க உபாத்தியாயரால் ஆகாது. நீடித்து உழைக்கும் சக்தியோ பழக்கத்தினால் வளர்வது. பெரும்பாலும் எல்லோருக்கும் வளரும். வளரக்கூடியதை விட்டுவிட்டுப் பிறவியில் வந்ததற்கே பரிசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஹவாயிலிருந்து நாம் இரவல் வாங்க வேண்டியது அந்த நள்ளிரவுக் கோட்டை மட்டுமே. விழாவில் ஒரு நெடுந்தூர ஓட்டம் வையுங்கள். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்ற வரிசை அதில் வேண்டாம். சாதாரணப் பிள்ளை ஒன்று இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகப் பயின்றால் எட்டக்கூடிய கால எல்லை ஒன்றை முன்கூட்டியே அறிவியுங்கள். அதற்குள் வந்து சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே மாதிரியான பரிசு கொடுங்கள். எல்லையைத் தளர்த்தாதீர்கள்; தவறவிட்ட பிள்ளையிடம், "அடுத்த வருஷம் வா, நாங்கள் காத்திருப்போம்" என்று சொல்லுங்கள். முன்னால் வந்துவிட்ட பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாமல், கடைசிப் பிள்ளை வந்து சேரும் வரையில் கோட்டருகே நிறுத்தி வையுங்கள். ஜயித்தவன் தோழனுக்காகக் காத்திருக்கக் கற்பது, ஓடக் கற்பதைவிடச் சிறிய பாடம் அன்று.

பெரியவர்களாகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. கிரிக்கெட் ஆட்டத்தை நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்கிறோம். யார் ஜயித்தார்கள் என்று மறு நாள் முழுவதும் விவாதிக்கிறோம். பார்க்கிற ஜனங்களாகவே இருந்துவிட்டால் தேசத்தின் பெயர் பரிசுப் பட்டியலில் ஏறலாம். தேசத்தாரின் தேகம் உறுதிப்படாது. நாளைக் காலையில் பால்காரர் வருமுன் எழுந்து, பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில், அரை மணி நேரம் நடந்து பாருங்கள். மறு நாளும் நடங்கள். அதற்குப் பரிசு தருகிறவர் யாரும் இல்லை. முந்திச் செல்ல வேண்டியவரும் யாரும் இல்லை. தொடங்கியதை விடாமல் செய்கிறோமா என்ற ஒரு கேள்விதான் உண்டு. அந்தக் கேள்விக்கு 73 வயதுச் செங்கல் தொழிலாளியும் 85 வயது நிருபரும் சொன்ன பதிலை நாமும் சொல்ல முடியும்.